எவ்வுள் கிடந்தவன் என் தாயின் தலைமேல் வைத்த கை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் திருவடியைத் தேடுவார்கள், பிறகு திருமுகத்தைத் தேடுவார்கள். அடியேனுக்கு அந்த வலக்கை போதும். ஆதிசேஷன்மேல் சயனித்தபடியே நீண்டு, பக்கத்தில் அமர்ந்திருக்கும் சாலிஹோத்திர முனிவரின் தலைமேல் படிந்திருக்கிற கை அது. இடக்கை பிரம்மனுக்கு ஞானம் உபதேசிக்கிறது. வலக்கை எதையும் சொல்வதில்லை, ஒரு தலையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது.

காக்களூரில் பிறந்து வளர்ந்தவன் நான். நடந்தே போகிற தூரத்தில் அந்தச் சந்நிதி. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை தீர்த்தம் வாங்கிக் குடித்திருக்கிறேன், துளசியைக் காதில் செருகியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. என்னைப் பெற்றவளின் தலைக்குள் ஒரு ரத்தக்கட்டு இருக்கிறது என்று தெரிந்த நாளுக்குப் பிறகுதான் பார்த்தேன். பார்த்த கண்ணை அங்கிருந்து எடுக்க முடியவில்லை.

அது மார்கழி மாதம். காக்களூர் ஏரிப் பக்கத்திலிருந்து பனி ஏறி வந்து தெருவை மூடியிருந்தது. ஆவின் பண்ணைக்குப் போகிற வண்டிகளின் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சிட்கோ தொழிற்பேட்டையில் எனக்கு லேத் வேலை, முதல் ஷிப்ட். குளித்துவிட்டு வெளியே வந்தபோது அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து புள்ளிக் கோலம். பாதி சுற்றி வந்த கோடு சட்டென்று நின்றது. மாவு விரலிடுக்கிலிருந்து குவியலாகக் கொட்டியது. அம்மா தன் வலது கையை அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது.

தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். என் மனைவி உள்ளங்காலைத் தேய்த்தாள். இருபது நிமிஷம் இருக்கும். கை அசைந்தது, வாய் நேரானது, பேச்சு வந்தது. "ஒண்ணும் இல்ல கண்ணு, தலைய சுத்திச்சு. நீ வேலைக்குப் போ" என்றாள். எழுந்து போய் மிச்சக் கோலத்தையும் முடித்துவிட்டாள்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பித்த மயக்கம் என்று ஊசி போட்டு அனுப்பினார். நாங்களும் நம்பினோம், நம்புவது வசதியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் டம்ளரைப் பிடித்த கை மறுபடி நழுவியது. இந்த முறை ஐந்தே நிமிஷம். என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். "அத்தைக்கு இது மயக்கம் இல்லீங்க. கையும் பேச்சும் சேர்ந்து போகுது, சேர்ந்து வருது. உள்ள ஏதோ இருக்கு" என்றாள். அந்த இரவே சென்னைக்குப் போனோம்.

முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நாளங்களுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். நரம்பியல் டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். திரையில் படத்தைப் போட்டார். மூளைக்கு அடியில் நாளங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் தம் நூலில் அதை விரிவாகக் காட்டியதால் அவர் பெயரே அந்த வளையத்துக்கு நிலைத்துவிட்டது. அந்த வளையத்துக்கு ரத்தம் கொண்டுவரும் இடப்பக்கத்துப் பெரிய நாளத்தில், மரத்தில் கனி தொங்குவதுபோல ஒரு உருண்டை.

"இதுக்குப் பேர் அனியூரிசம். நாளச் சுவர் ஒரு இடத்துல பலம் குறைஞ்சு, ரத்தத்தோட அழுத்தத்துல வெளியே புடைச்சுக்கும். நூறு பெரியவங்களப் படம் எடுத்தா ஏறக்குறைய மூணு பேருக்கு இருக்கும். பெரும்பாலும் சின்னதா இருக்கும், ஒண்ணும் செய்யாது. அம்மாவோடது இருபத்தஞ்சு மில்லிமீட்டரத் தாண்டிடுச்சு. இத ராட்சதப் புடைப்புன்னு சொல்வோம்."

ஒரு இன்ச். தினமும் லேத்தில் நான் கடைகிற ஒரு இன்ச் உருளை என் கண்முன் வந்தது. உள்ளங்கையில் கனக்கிற அந்த உருண்டை, அம்மாவின் கண்ணுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"வெடிச்சிடுமா டாக்டர்?"

"வெடிக்கலாம். வெடிச்சா மூளையச் சுத்தி ரத்தம் பரவும். வாழ்க்கையிலயே இப்படி ஒரு தலைவலி வந்ததில்லைன்னு சொல்ற மாதிரி இடி விழுந்த வலி வரும். பக்கவாதத்துல நூத்துக்கு அஞ்சு அப்படி வர்றதுதான். ஆனா அம்மாவுக்கு வந்தது அது இல்ல."

புடைப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பிறைபோல் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ரத்தக்கட்டு. உருண்டையில் பாதியை அது அடைத்திருந்தது.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். காக்களூர் ஏரியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மதகுப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தெளிந்திருக்கும். கரை உள்வாங்கிய மூலையில் தண்ணீர் சுழன்று சுழன்று நிற்கும், அங்கே பாசி கட்டும். நாளத்தில் ஓடும்வரை ரத்தம் ரத்தமாக இருக்கிறது. புடைப்புக்குள் போனால் ஓட வழியில்லாமல் சுழல்கிறது, தேங்குகிறது. தேங்கிய ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றும். ஃபைப்ரின் என்ற புரதம் நூலாகத் திரிந்து அவற்றை வலைபோலப் பின்னும். அதுதான் உறைவு. ரத்தம் தேங்கினாலும், நாளத்தின் உட்சுவர் பழுதுபட்டாலும், ரத்தத்தின் தன்மை மாறினாலும் உறையும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் ஆராய்ச்சியிலிருந்து வந்த பாடம் இது. மூன்றில் இரண்டு அம்மாவின் புடைப்பில் இருந்தன.

அந்தக் கட்டு முழுவதும் இறுகியிருந்தால் வம்பில்லை. பாதி கட்டியும் பாதி ரத்தம் ஓடியும் இருக்கிற இடத்தில், ஓட்டம் கட்டின் ஓரத்தை அரிக்கிறது. ஒரு துணுக்கு பிய்ந்து ஓட்டத்தோடு மேலே போகிறது. மெல்லிய கிளை நாளத்தில் போய் அடைக்கிறது. இடது மூளையில் அடைத்தால் வலது கை போகிறது, பேச்சும் போகிறது. துணுக்கு சின்னதாக இருந்தால் தானே கரைந்து வழி விடும். இருபது நிமிஷத்தில் கை திரும்பும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் திரும்பாது.

"உங்களுக்கு ரெண்டு தடவ மணி அடிச்சிருக்கு" என்றார் டாக்டர். "மூணாவது தடவ மணியோட நிக்காது."

"கட்டைக் கரைக்க மருந்து இல்லையா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அதுதான் இதுல கஷ்டம்" என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் துணுக்கு கிளம்புவது குறையும். ஆனால் அந்த நேரத்தில் புடைப்பு வெடித்தால், ரத்தத்தை நிறுத்த உடம்பிடம் எதுவும் இருக்காது. மருந்து கொடுக்காவிட்டால் அடுத்த துணுக்கு எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டும் ஆபத்து, கரைவதும் ஆபத்து.

அம்மாவைப் படுக்கையிலேயே வைத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, முக்கக்கூடாது, சட்டென்று எழக்கூடாது. வாழ்நாளில் பகலில் படுத்தறியாதவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எத்தன நாளுடா இப்படியே கெடக்கறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் மண்ணின் ரகசியம் ஒன்று எனக்குத் திறந்தது.

எங்கள் பக்கத்துத் தெய்வங்கள் கிடக்கின்றன! காக்களூருக்கு அடுத்த புட்லூரில் அங்காள பரமேசுவரி, பூங்காவனத்தம்மன், நிறைசூலியாக மண்புற்று வடிவில் மல்லாந்து கிடக்கிறாள். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் ஆலகாலம் உண்ட அயர்வில் அம்பாள் மடியில் தலை வைத்துக் கிடக்கிறார். லிங்கமாக நிற்கிற ஈசன் உருவத்தோடு சயனித்திருக்கிற அபூர்வத் தலம் அது. நடுவில் திருவள்ளூர் என்னும் திருஎவ்வுளில் எம்பெருமான். சாலிஹோத்திர முனிவர் ஒரு வருஷம் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று அரிசி மாவில் அமுது செய்து, அதிதிக்காகக் காத்திருந்தார். கிழவராக வந்த பெருமாள் அத்தனையும் உண்டு, அலுப்பாக இருக்கிறது, படுக்க எவ்வுள் என்று கேட்டான். எந்த உள், எந்த இடம் என்று கேட்டதே ஊரின் பெயரானது. முனிவர் தன் குடிலைக் காட்டினார். பெருமாள் கிடந்தான். கிடந்தபடியே கையை நீட்டி அவர் தலையைத் தொட்டான்.

சூலியாகக் கிடக்கிறாள் ஒருத்தி. விஷம் தாங்கிக் கிடக்கிறான் ஒருவன். விருந்துண்டு அருளக் கிடக்கிறான் ஒருவன். இந்த மூவருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த என் தாய் கிடப்பதைப் பார்த்து நான் ஏன் பயந்தேன்? கிடப்பது தோல்வி என்று யார் எனக்குச் சொன்னது? உடம்பெல்லாம் சிலிர்த்தது. விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். "அப்போ நானும் பள்ளிகொண்டிருக்கேன்னு சொல்லு" என்றாள். அதன்பிறகு அவள் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

தை அமாவாசை வந்தது. அம்மாவுக்கு என் மனைவி துணை இருந்தாள். நான் முந்தின இரவே திருவள்ளூர் போய்விட்டேன். அங்கே அமாவாசைக்கு முன்னிரவில் ஊர் ஊராக வந்த ஜனங்கள் கோவிலைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். இடம் கேட்டுப் படுத்தவன் வாசலில் இடம் கேட்காமலே படுக்கிற உரிமை அவர்களுக்கு. வயிற்றுவலிக்காரர், தோல்நோய்க்காரர், குழந்தையை மடியில் போட்ட தாய், கை இழுத்துக்கொண்ட பெரியவர், எல்லோரும் ஒரே வானத்தின்கீழ். எங்கள் பெருமாளுக்கு வைத்திய வீரராகவன் என்று பெயர். பெரிய டாக்டர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிற நிம்மதி அன்றிரவு எனக்கு இருந்தது.

விடியலில் ஹ்ருத்தாபநாசினி தீர்த்தத்தில் இறங்கினேன். நெஞ்சின் வெப்பத்தை அழிப்பவள் என்று அந்தக் குளத்துக்குப் பெயர். வேண்டிக்கொண்டு அதில் வெல்லத்தைக் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோய் கரையட்டும் என்பது பிரார்த்தனை. உருண்டை வெல்லம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். விரலைத் திறக்க முடியவில்லை. என்னவென்று வேண்டுவேன்? அம்மாவின் தலைக்குள் இருக்கிற கட்டைக் கரைத்துவிடு என்று வேண்டினால் புடைப்பு வெறும் தோலாக நிற்கும். கரைக்காதே என்று வேண்டினால் துணுக்கு கிளம்பும். எனக்கு வேண்டத் தெரியவில்லை.

கண்ணீர் வந்தது. "பெருமாளே, எதைக் கட்ட வேண்டுமோ அதைக் கட்டு. எதைக் கரைக்க வேண்டுமோ அதைக் கரை. எவ்வுள் என்று நீ கேட்டாயே, இப்போது நான் கேட்கிறேன். அந்தக் கட்டு எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் கிடக்கட்டும்" என்றேன். விரல் தானாகத் திறந்தது. வெல்லம் இறங்கியது. உப்பும் மிளகும் கொட்டிவிட்டு உள்ளே போனேன். கூட்டம் தள்ளியது. ஒரு கணம், ஒரே கணம், தீபம் உயர்ந்தது. அந்த வலக்கை தெரிந்தது. அதன்கீழ் முனிவரின் தலை எனக்குத் தெரியவில்லை. நரைத்த கூந்தலோடு என் தாயின் தலை தெரிந்தது. நான் கூவினேனா அழுதேனா தெரியாது. பட்டர் சடாரி வைத்தபோது அந்தக் குளிர் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியதை மட்டும் இன்றும் என்னால் சொல்ல முடியும்.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். "கட்டைக் கரைக்கப் போறதில்ல. முழுசாக் கட்டவைக்கப் போறோம்" என்றார் அந்தச் சிறிய டாக்டர்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளத்தில் நான் கேட்டதற்குப் பதில் இவர் வாயிலிருந்து வந்தது.

தொடை இடுக்கின் நாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, புடைப்பு இருக்கும் இடத்தில், நாளத்துக்குள், பின்னிய வலைக்குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். ஓட்டத்தைத் திருப்பும் சாதனம் அது. புடைப்பின் வாயை வலை மறித்து நிற்கும். ரத்தம் தன் பழைய வழியிலேயே மூளைக்கு ஓடும். புடைப்புக்குள் போவது குறையக் குறைய, உள்ளே இருக்கிற ரத்தம் அசைவற்று நின்று முழுவதும் உறையும். பிறகு வலையின்மேல் நாளத்தின் உட்தோல் வளர்ந்து மூடும். துணுக்கு கிளம்ப வாசலே இருக்காது. வலையின்மேலேயே ரத்தம் உறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் முன்கூட்டியே தொடங்கி, பல மாதம் தர வேண்டும். உள்ளே கட்ட வேண்டும், வெளியே கட்டக்கூடாது. ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

லேத் தொழிலாளி என்பதால் அந்த வலையைப் பற்றி விசாரித்தேன். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வகையில் 48 இழைகள் பின்னப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ரோமீட்டரில் அளந்து அளந்து பழகிய கை இது. அந்த நுணுக்கத்தைப் பின்னிய கைகளைக் கும்பிட்டேன்.

பிறகு படிக்கப் படிக்க வியப்புக்கு மேல் வியப்பு. உயிருள்ள மனிதரின் மூளை நாளங்களை முதலில் படம் பிடித்தவர் 1927இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ். 1937இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டார். 1990இல் இத்தாலிய மருத்துவர் குய்டோ குக்லியெல்மி, லாஸ் ஏஞ்சலிஸில், நாளத்தின் வழியே மெல்லிய பிளாட்டினம் சுருளை அனுப்பிப் புடைப்பை நிரப்பும் முறையை ஒரு நோயாளிக்கு முதலில் செய்தார். சுருளைச் சுற்றி ரத்தம் உறைந்து புடைப்பை அடைத்துவிடும். பக்கவாதத்தைக் கொண்டுவருகிற உறைவையே காவலாக மாற்றிய ஞானம் அது.

நம் சென்னையில் 1950இல் பொது மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் பா.ராமமூர்த்தி. 1922இல் சீர்காழியில் பிறந்தவர், 2003இல் மறைந்தார். மூளை நோய் என்றால் விதி என்று கைவிட்ட காலத்தில், ஒரு தலைமுறை மருத்துவர்களை இங்கே உருவாக்கினார். சீர்காழி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் எவ்வுள் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார் அவதரித்த திருக்குறையலூர் அந்தச் சீர்காழிப் பக்கம்தான்! எவ்வுள் கிடந்தானைப் பாட ஒருவரை அனுப்பிய மண், தலைநோய்க்காரரின் தலையில் கை வைக்கவும் ஒருவரை அனுப்பியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஓட்டத்தைத் திருப்பும் இந்த வலைக்குழாயை இந்தியாவிலேயே செய்ய முனைந்து, 2021இல் அதன் தொழில்நுட்பத்தை உற்பத்திக்குக் கொடுத்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம். அது எந்த ஊர்? அனந்தன்மேல் பத்மநாபன் கிடக்கிற ஊர். சித்திரைத் திருநாள் மகாராஜா யார்? பத்மநாப தாசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், 1936இல் கோவில் கதவை இந்துக்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டவர். இங்கே கிடந்தவன் அங்கேயும் கிடக்கிறான். இங்கே கை நீட்டியவன் அங்கேயும் நீட்டுகிறான். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அவன் கை எங்கெங்கே நீண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சிகிச்சை முடிந்தது. முதல் சில நாள் அம்மாவுக்குத் தலைவலி இருந்தது. உள்ளே கட்டு உறையும்போது சுற்றிலும் வீக்கம் வரும், மருந்து தருகிறோம் என்றார்கள். அந்த வலியை அம்மா ஒரு தடவைகூட நொந்துகொள்ளவில்லை. "கட்டறான்டா, வலிக்கத்தான் செய்யும்" என்றாள்.

இப்படிப்பட்ட புடைப்புகளில் முக்கால்வாசி ஆறு மாதத்துக்குள் முழுதும் அடைபடும் என்று சொல்லியிருந்தார்கள். மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று அமாவாசைக்கு வேண்டுதலாகப் போய்வந்தேன். அதற்குப் பிறகும் போனேன். உறவினர் சிலர், "மூணு அமாவாசை போதும், மாத்திரைய நிறுத்திடலாமே" என்றார்கள். நான் கேட்கவில்லை. டாக்டர் குறித்த நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தது எனக்குப் பெருமாள் திருவாராதனம் போலத்தான் இருந்தது. குளத்தில் உப்பைக் கொட்டிவிட்டு வந்த வீட்டில் அம்மாவின் இலையிலும் உப்பு குறைந்தது. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. வாரம் தவறாமல் ரத்த அழுத்தம் பார்த்தோம்.

அந்த மாதங்களில்தான் ரத்தத்தைப் பற்றி நான் படித்ததிலேயே பெரிய அதிசயத்தைப் படித்தேன். ரத்தம் உறையும்போது, ஃபைப்ரின் வலை பின்னும்போது, அந்தப் பின்னலுக்குள்ளேயே பிளாஸ்மினோஜன் என்ற இன்னொரு புரதமும் சேர்த்துப் பின்னப்படுகிறது. அது அங்கே ஒன்றும் செய்யாமல் கிடக்கும். நாளச் சுவரிலிருந்து ஒரு பொருள் வந்து தொட்டால் விழித்துக்கொள்ளும். விழித்தால் பிளாஸ்மின் ஆகும், வலையை இழை இழையாக அறுத்துக் கட்டைக் கரைக்கும். அடைப்பால் வருகிற பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் போடுகிற கட்டுக் கரைக்கும் ஊசியும், உறங்குகிற அதே பிளாஸ்மினோஜனைத்தான் எழுப்புகிறது.

படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். கட்டுக்குள்ளே கரைப்பவன் கிடக்கிறான்! ஒவ்வொரு ரத்தக்கட்டின் உள்ளேயும் ஒரு சயனத் திருக்கோலம் இருக்கிறது. எங்கே கிடக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பது அவன் சங்கல்பம். அம்மாவுக்கு இருபது நிமிஷத்தில் கை திரும்பி வந்ததே, அன்று அந்தச் சின்னத் துணுக்குக்குள் கிடந்தவன்தான் எழுந்தான். புடைப்புக்குள் இருக்கிற பெரிய கட்டிலோ எழாமல் கிடந்து காவல் காத்தான். பந்தமும் அவன், மோட்சமும் அவன் என்று பெரியோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் தாயின் ஒரு சொட்டு ரத்தத்தில் அதைக் கண்டேன். பெருமாளே, எவ்வுள் என்று கேட்டாயே! நீ கிடக்காத உள் எது?

ஆடி மாதம் மறுபடி படம் எடுத்தார்கள். அதே திரை, அதே டாக்டர். நாளம் நேராக, வழவழப்பாக, ஓடிக்கொண்டிருந்தது. கனி தொங்கிய இடத்தில் ரத்தம் போகவில்லை. டாக்டர் ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "முழுசாக் கட்டிடுச்சும்மா" என்றார். அம்மா அவரை இருகையெடுத்துக் கும்பிட்டாள். "நீ நல்லா இருக்கணும் சாமி" என்றாள். அந்தச் சாமி என்ற சொல் அன்று எனக்கு அப்படியே உண்மையாகப் பட்டது.

ஆடி அமாவாசைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கடையில் தலை உருவம் பொறித்த தகடு ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து வாங்கினாள். வலது கையால் வாங்கி, வலது கையால் உண்டியலில் போட்டாள். வெல்லத்தை வலது கையால் குளத்தில் விட்டாள். சந்நிதியில் கூட்டம் நெரித்தது. "அம்மா, அந்தக் கையப் பாரு" என்றேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது. ஆறு மாதத்துக்கு முன் கோணிய அந்த வாயிலிருந்து தெளிவாக, சத்தமாக, "வீரராகவா!" என்று ஒரு குரல் எழுந்தது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள்.

அந்த நொடியில் திருமழிசையாழ்வாரை நினைத்தேன். எங்கள் ஜில்லாக்காரர், எவ்வுள் பெருமாளையும் பாடியவர். குடந்தையில் ஆராவமுதன் கிடப்பதைப் பார்த்து, நடந்த கால் வலித்ததோ என்று உருகி, எழுந்து பேசு என்று கேட்டவர். பெருமாள் எழத் தொடங்கினான் என்பது ஐதிகம். கிடந்தவனை எழச் சொல்கிற உரிமை அன்புக்கு உண்டு. கிடந்த என் தாயை அவன் எழுப்பினான். எழுந்து வந்தவள் அவன்முன் நின்றாள். என் தொண்டை அடைத்தது, கண் மறைத்தது, கால் தரையில் இல்லை. இதற்குமேல் எழுதச் சொல் இல்லை.

இதைப் படிக்கிறவர்களை அடியேன் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணி பாருங்கள். உடனே 108ஐ அழையுங்கள், ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் மடிகின்றன. இருபது நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்று நாங்கள் இருந்ததுபோல இருந்துவிடாதீர்கள். அப்படி வந்துபோன முதல் இரண்டு நாளில்தான் பெரிய வாதம் வரும் ஆபத்து அதிகம். வாழ்நாளில் கண்டிராத தலைவலி சட்டென்று இடிபோல் வந்தாலும் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்று படம் எடுத்துப் பார்க்காமல் யார் சொன்னாலும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடாதீர்கள், டாக்டர் கொடுத்திருந்தால் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். புகையை விடுங்கள், உப்பைக் குறையுங்கள், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். இந்தப் புடைப்பு வளரவும் வெடிக்கவும் புகையும் உயர் ரத்த அழுத்தமும் பெரிய காரணங்கள்.

திருவள்ளூரிலேயே இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி திறந்தது 2022இல். அங்கே போய்விட்டுக் கோவிலுக்கு வாருங்கள், அவன் காத்திருப்பான். இன்று காலையும் அம்மா காக்களூர் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டாள். கோடு எங்கும் நிற்கவில்லை.